ஒரே ஜீன், ரெண்டு பேர்: எம்.ஆர்.என்.ஏ-வை வெட்டும் நொதியின் கதை

எம்.ஆர்.என்.ஏ-ங்கிற பேரை கொரோனா தடுப்பூசி வந்த சமயத்துல எல்லாருமே கேட்டிருப்போம். இன்னிக்கு நாம பேசப்போறது அது உருவாகிற கதை இல்ல, அழியிற கதை.

ஜீன்ல இருக்கிற தகவலைப் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கு எடுத்துட்டுப் போற தூதுவன்தான் எம்.ஆர்.என்.ஏ. 1961-ல் சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசல்சன் மூவரும் ஈ. கோலை பாக்டீரியாவை வைத்து இதைக் காட்டினாங்க. பாக்டீரியாவுக்குள்ள இந்தத் தூதுவனோட ஆயுள் பெரும்பாலும் சில நிமிஷம்தான். சரி, அதைக் கொல்றது யாரு?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துல டேவிட் அபிரியன் தேடினது வேற ஒண்ணு. ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ-வைச் சரியான அளவுக்கு வெட்டித் தர்ற நொதி. 1978-ல் கோராவும் அபிரியனும் அந்த வேலையை விவரிச்சாங்க. நொதியின் பேர் ஆர்.என்.ஏஸ் ஈ, ஜீனின் பேர் ஆர்.என்.ஈ.

அடுத்த வருஷமே ஜப்பான்ல இருந்து ஓனோ, குவானோ ரெண்டு பேரும் ஒரு விநோதமான ஈ. கோலையைப் பத்தி எழுதினாங்க. சூட்டை ஏத்தினா அதோட எம்.ஆர்.என்.ஏ சீக்கிரம் அழியறதில்ல. அந்த ஜீனுக்கு அவங்க வெச்ச பேர் ஏ.எம்.எஸ்.

ஒண்ணு தயாரிக்கிற வேலை, இன்னொண்ணு அழிக்கிற வேலை. அதனால பத்து வருஷத்துக்கும் மேல ரெண்டும் தனித்தனிப் பேர்லயே இருந்தன. 1991-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பாபிட்ஸ்கி, குஷ்னர் இருவரும் ரெண்டுமே ஒரே ஜீன்தான்னு காட்டினாங்க. தையல்காரர் கையில இருக்கிற அதே கத்திரிதான் பழைய துணியையும் கிழிக்குது!

அப்புறம் இன்னும் ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, இந்த நொதி தனியா வேலை செய்யறதில்ல; பி.என்.பேஸ் மாதிரி கூட்டாளிகளோட சேர்ந்து 'டீகிரேடோசோம்'ங்கிற கூட்டமா இயங்குது. ஈ முதல்ல நடுவுல வெட்டும், பி.என்.பேஸ் வெட்டுப்பட்ட நுனியில இருந்து மென்னுக்கிட்டே போகும். ரெண்டாவது, புது எம்.ஆர்.என்.ஏ-வின் தலையில மூணு பாஸ்பேட் இருக்கும். ஆர்.பி.பி.ஹெச்-ங்கிற இன்னொரு நொதி அதுல ரெண்டை நீக்கினா, ஆர்.என்.ஏஸ் ஈ-க்கு அதைப் பிடிக்கறது சுலபம். இது 2008-ல் பெலாஸ்கோ குழு சொன்னது.

இதெல்லாம் எதுக்கு? சாப்பாடு மாறினா பாக்டீரியா உடனே பழைய புரதத்தைத் தயாரிக்கிறதை நிறுத்தணும். பழைய உத்தரவு அழியாம இருந்தா எப்படி நிறுத்தும்? சூட்டுல ஆர்.என்.ஏஸ் ஈ செயலிழக்கிற அந்த விகாரி ஈ. கோலையால அங்க வளரவே முடியல. உயிர் வாழ எழுதத் தெரிஞ்சா போதாது, எழுதினதை அழிக்கவும் தெரியணும்.