சிந்தெடிக்: ஒரு சொல்லின் வரலாறு

'சிந்தெடிக்' என்றதும் பலருக்கும் 'போலி', 'மலிவு' என்பவைதான் நினைவுக்கு வரும். ஜவுளிக்கடையில் "இது பட்டா, சிந்தெடிக்கா?" என்று கேட்கும்போதே குரலில் ஓர் இளக்காரம் தெரியும். ஆனால் இந்த ஆங்கிலப் பெயரடையின் மூலப்பொருள் அதுவல்ல. கிரேக்க மொழியில் 'சின்' என்றால் சேர்ந்து, 'திதெனாய்' என்றால் வைத்தல். அதாவது, பலவற்றை ஒன்றுசேர்த்து உருவாக்கிய என்பதே பொருள். பகுத்துப் பார்ப்பதைக் குறிக்கும் 'அனலிடிக்' என்பதற்கு இது எதிர்ச்சொல்.

வேதியியலில் இச்சொல்லுக்குப் புது வாழ்வு கிடைத்தது. 1828-ல் ஜெர்மானியரான வோலர், உயிரினங்களின் உடலில் உண்டாகும் யூரியாவை ஆய்வகத்தில் தயாரித்தார். 1856-ல் 18 வயது பெர்கின், குயினைன் மருந்து செய்ய முயன்று, எதிர்பாராமல் ஊதாச் சாயத்தைப் பெற்றார். 1880-ல் பேயர் என்ற வேதியியலாளர் அவுரிச் செடி தரும் நீலச் சாயத்தையே செய்து காட்டினார். 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதன் விளைவு பீகாரின் சம்பாரண் வரை எட்டியது. அங்கே 'தீன்கத்தியா' முறைப்படி, குடியானவர்கள் தங்கள் நிலத்தில் 20 கத்தாவுக்கு 3 கத்தா அவுரி பயிரிட்டே ஆக வேண்டும். ஜெர்மன் சாயம் வந்தபின் அவுரி விலை சரிந்தது. தோட்ட முதலாளிகளான ஆங்கிலேயர்கள் அந்த நஷ்டத்தைக் குடியானவர்கள் தலையில் கட்டினார்கள். அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டுமானால் கூடுதல் குத்தகை கொடு, அல்லது மொத்தமாகப் பணம் கொடு என்றார்கள். 1917-ல் காந்தி அங்கு சென்று விசாரித்தது இந்தக் கொடுமையைத்தான். 1918-ல் தீன்கத்தியா சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வகத்தில் உருவான நீலமும் செடியில் கிடைத்த நீலமும் ஒரே மூலக்கூறுதான். அது வெறும் போலியாக இருந்திருந்தால் அவுரி பிழைத்திருக்கும். அசலாகவே இருந்ததால்தான் அவுரி வீழ்ந்தது.

எனவே 'சிந்தெடிக்' என்பதற்குப் 'போலி' என்று பொருள் கொள்வது தவறு. எங்கே உருவானது என்பதைத்தான் அச்சொல் சொல்கிறது. அசலா இல்லையா என்பதை அல்ல.