70 வளைவு, 12 ஆல்பம்: கொல்லிமலை ஏறும்போது என்ன கேட்கலாம்?

காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக வந்து இந்த ரோட்டைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், இங்கே ரீல்ஸ் பார்த்தால் தலை சுத்தும். போனைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு மாத்திக்கிட்டே இருந்தாலும் அதே கதிதான். சிக்னலும் எல்லா வளைவிலும் உங்களுக்கு ஒத்துழைக்காது. ஆக, ஒரு முழு ஆல்பத்தை டவுன்லோடு பண்ணி, பிளேயை அழுத்தி, போனை உள்ளே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்ப இதைவிடப் பொருத்தமான ரோடு தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

அப்படிக் கேட்க 12 ஆல்பங்கள் இதோ. பாதி புதுசு, பாதி அந்தப் புதுசுக்கெல்லாம் அடித்தளம் போட்டது. கூடவே ஆல்பம், இ.பி, மிக்ஸ்டேப் குழப்பத்துக்கும் ஒரு சின்ன விளக்கம். கருத்துகள் எல்லாம் நம்முடையது. சண்டைக்கு வரலாம், தப்பில்லை!

முதல்ல பெயர்க் குழப்பம்

பழைய 78 ஆர்.பி.எம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம்தான் இடம். ஒரு நீளமான இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுகளை போட்டோ ஆல்பம் மாதிரி உறை உறையாகத் தைத்த புத்தகத்தில் போட்டு விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1948-ல் எல்.பி தட்டு வந்தபிறகு ஒரே தட்டில் எல்லாம் அடங்கியது. புத்தகம் போச்சு, பெயர் நின்னுடுச்சு.

இன்னைக்கு நடைமுறை இதுதான். ஒரு பாட்டு தனியா வந்தால் சிங்கிள். நாலு, அஞ்சு பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் இ.பி. அதற்கு மேல் போனால் ஆல்பம். மிக்ஸ்டேப் என்பது ஹிப் ஹாப்பில் பிறந்த வழக்கம். ஆல்பம் அளவுக்கே பாட்டுகள் இருக்கும், ஆனால் 'இது என் பெரிய அறிக்கை இல்லை, சும்மா கை சூடு பண்றேன்' என்ற தொனி இருக்கும்.

புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2015 ஜூலை 10-லிருந்து உலகம் முழுக்க வெள்ளிதான் ரிலீஸ் நாள் என்று இசைத்துறை முடிவு பண்ணியது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஊருக்கு ஒரு கணக்கு. நம்ம ஊர் சினிமா ரிலீஸுக்கும் வெள்ளிதான் என்பதால் நமக்கு இது புதுசாவே தெரியவில்லை.

புதுசு: கேட்டே ஆக வேண்டியவை

1. வள்ளியம்மா பேராண்டி, அறிவு (2024): தன் பாட்டியின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்திருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தலைமுறையின் கதை இதன் வேர். ஓப்பாரி, பறை, ராப் எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. ஹிட் பாட்டைத் தேடிக் கேட்டால் ஏமாற்றமாகலாம். வரிசையாகக் கேட்டால் குடும்பக் கதை கேட்ட மாதிரி இருக்கும். தேயிலைக்குப் பதில் காபியும் மிளகும் விளையும் மலைதான் கொல்லிமலை. இருந்தாலும் மலையேறும்போது கேட்க முதல் ஓட்டு இதற்குத்தான்.

2. மான்சூன் சீசன், ஹனுமான்கைண்ட் (2025): மரணக் கிணற்றுக்குள் எடுத்த 'பிக் டாக்ஸ்' வீடியோ மூலம் 2024-ல் பில்போர்ட் ஹாட் 100 வரை போன கேரளத்துக்காரரின் மிக்ஸ்டேப். செண்டை மேளம் வரும் 'ரன் இட் அப்' ஜன்னல் கண்ணாடியையே அதிர வைக்கும். பிரச்னை என்னவென்றால், அந்த இரண்டு பாட்டுக்கு இணையாக மத்ததெல்லாம் நிற்கவில்லை. மிக்ஸ்டேப் என்று சொல்லிவிட்டதால் மன்னிக்கலாம்.

3. ஜி.என்.எக்ஸ், கென்ட்ரிக் லாமர் (2024): முன்னறிவிப்பே இல்லாமல் நவம்பர் 22 அன்று வந்து விழுந்த ஆல்பம். 12 பாட்டு, 44 நிமிஷம். கொழுப்பே இல்லாத உடம்பு மாதிரி. அவருடைய 2015 ஆல்பமான 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' அளவுக்கு ஆழம் இல்லை என்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனா இது யோசிக்க வைக்க வந்த ஆல்பம் இல்லை, கோபத்தைக் காட்ட வந்தது. சொந்த ஊர் லாஸ் ஏஞ்சலிஸ் சத்தத்தை விட்டு அவர் நகரவே இல்லை. அதுதான் இதன் பலம்.

4. டோன்ட் டேப் த கிளாஸ், டைலர் த கிரியேட்டர் (2025): முந்தைய ஆண்டு வந்த 'குரோமகோப்பியா'வில் அம்மாவின் குரலை ஓடவிட்டு வாழ்க்கையை அலசியவர், இதில் 'பேசாம ஆடு' என்கிறார். அரை மணி நேரம்கூட இல்லை. லேசானது, ஆழம் தேடாதீர்கள். ஒரு சுவாரஸ்யம்: இந்த இரண்டையும் அவர் வெள்ளியை விட்டு திங்கள்கிழமை ரிலீஸ் பண்ணினார்.

5. தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ், பேட் பன்னி (2025): ஸ்பானிஷ் ஆல்பம். 'இன்னும் நிறைய போட்டோ எடுத்து வெச்சிருக்கணும்' என்று அர்த்தம். போர்ட்டோ ரிக்கோ தீவின் பழைய பிளேனா, சல்சா தாளங்களை இன்றைய ரெக்கேட்டோனோடு கலந்திருக்கிறார். சுற்றுலாவும் வெளியூர்ப் பணமும் வந்து ஊர்க்காரன் நிலத்தை இழக்கும் கவலை பாட்டுக்குள் இருக்கிறது. வீக் எண்ட் டூரிஸ்ட்டாக ஒரு மலைக்குப் போகிற நாம் இதைக் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு.

6. அரைவல் ஆஃப் த எத்தீரியல், அகம் (2025): பெங்களூரு கர்நாடிக் ராக் இசைக்குழு. 2012, 2017-க்குப் பிறகு மூன்றாவது ஆல்பம். கீர்த்தனைக்கு கிடார் போட்டால் ராக் ஆகிவிடும் என்று நினைக்கும் பலருக்கு இவர்கள் பாடம். சில இடங்களில் பிரம்மாண்டம் கொஞ்சம் ஓவர். ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் குரல் அதைக் காப்பாற்றுகிறது.

அடித்தளம்: இவை இல்லாமல் அவை இல்லை

7. வல்லவன், யோகி பி & நட்சத்ரா (2006): மலேசியாவிலிருந்து வந்த தமிழ் ராப். 'நிழல்கள்' (1980) படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து இவர்கள் செய்த 'மடை திறந்து'தான் பலருக்கும் முதல் தமிழ் ராப் அனுபவம். இன்னைக்குக் கேட்டால் சில பீட் பழசாகத் தெரியும். ஆனால் தமிழ் உச்சரிப்பு அப்படியே கூர்மையாக நிற்கிறது.

8. ஹிப் ஹாப் தமிழன், ஹிப் ஹாப் தமிழா (2012): ஆதியும் ஜீவாவும் யூடியூப்பில் கிடைத்த வரவேற்பை வைத்துக் கொண்டு வந்த ஆல்பம். சினிமா இல்லாமலும் ஒரு தமிழ்ப் பாட்டு காலேஜ் காலேஜாகப் போகும் என்று காட்டினார்கள். அட்வைஸ் பண்ணும் வரிகள் இப்போ கொஞ்சம் நெருடும். அதையும் தாண்டி, கதவைத் திறந்தவர்கள் இவர்கள்தான்.

9. தெருக்குரல், அறிவு & ஆஃப்ரோ (2019): அரக்கோணத்து அறிவின் எழுத்தும் ஆஃப்ரோவின் பீட்டும். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் பார்த்த அறிவு, இதில் தனியாக நின்று அடிக்கிறார். அரசியலும் எதுகையும் ஒன்றுக்கொன்று இடம் விடும் ஆல்பம். தமிழ் ஹிப் ஹாப்பில் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன் என்றால், இதைக் கேளுங்கள்.

10. காலா, எம்.ஐ.ஏ (2007): ரஜினி படம் இல்லை! மாதங்கி அருள்பிரகாசம், லண்டன் தமிழர். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்' (2005). இதற்கு அம்மா பெயர். ஒரு பகுதி சென்னையில் பதிவானது, உறுமி சத்தம் காதில் விழும். 'பேப்பர் பிளேன்ஸ்' எல்லோருக்கும் தெரியும். 'பேர்ட் ஃப்ளூ'வைத் தவறவிடாதீர்கள்.

11. மேட் இன் ஜாஃப்னா, ஷான் வின்சென்ட் டி பால் (2021): யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். யாஞ்சனோடு சேர்ந்து மிருதங்கத்துக்கு ராப் பண்ணிய வீடியோக்களில் பிரபலமானவர். பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் நடை ஜதி சொல்வது போல ஓடும்.

12. ஹவ் டு நேம் இட், இளையராஜா (1986): ராப்புக்கு நடுவில் இது ஏன்? சினிமா இல்லாத தமிழ் ஆல்பம் என்ற யோசனைக்கே இது ஒரு தொடக்கப் புள்ளி. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். கடைசி பத்து வளைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரங்களும் குளிர்காற்றும் வரும் நேரத்தில் வயலின் வந்தால் வேற லெவல்.

ஒரு ஆல்பம் நல்லாருக்கா? எப்படி முடிவு பண்றது?

முதல் தடவை ஸ்கிப் பண்ணாதீங்க. ஷஃபிளையும் ஆஃப் பண்ணுங்க. பாட்டு வரிசை என்பது சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் வரிசை மாதிரி. மாத்திச் சாப்பிடலாம், ஆனா பரிமாறினவர் யோசித்துத்தான் பரிமாறினார்.

ரெண்டாவது தடவை வேறு இடத்தில் கேளுங்க. காரில் அதிரும் பாட்டு இயர்போனில் சப்பென்று இருக்கலாம். ஒரு வாரம் கழித்து எந்தப் பாட்டு தானாக வாயில் வருகிறது என்று பாருங்கள். ரிலீஸ் ஆன ராத்திரியே 'மாஸ்டர்பீஸ்' என்று ஸ்டோரி போடுவது சுலபம். அந்த ஏழாவது நாள் சோதனைதான் உண்மையான விமர்சனம்.

நீங்க கேட்டா, காசு யாருக்குப் போகுது?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். சந்தா, விளம்பரப் பணம் பெரும்பாலும் ஒரே குடத்தில் சேரும். மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்குப் பிரியும். 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமையாவது தொடாவிட்டால் ரெக்கார்டிங் ராயல்டி கிடையாது. அதாவது, நீங்க மட்டும் விடிய விடியக் கேட்கும் ஒரு சின்ன கலைஞருக்கு உங்க சந்தா நேரா போறதில்லை. நேரா போகணும்னா பேண்ட்கேம்ப் மாதிரி தளத்தில் ஆல்பத்தை வாங்கலாம், கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கலாம், டி-ஷர்ட் வாங்கலாம்.

காசுக்கு முன்னாடி பெயர். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கா? உலகம் முழுக்க ஆடியது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் சொன்னது இன்னொரு அத்தியாயம். அத்தனை கோடி வியூஸ் இருந்தும், யார் எழுதினார், யார் இசையமைத்தார், யாருக்குக் காசு போனது என்ற மூன்று கேள்விக்கும் சண்டை போட்டுத்தான் பதில் தேட வேண்டியிருந்தது.

இதைக் கொல்லிமலையில் யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. இது வல்வில் ஓரியின் மலை. செம்மேட்டில் ஆடி மாதம் அவர் பெயரில் அரசு விழாவே நடக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152-வது பாட்டின் கதை இது. காட்டில் ஒரு இசைக்குழு ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறது. முழவு, யாழ் எல்லாம் எடுத்துப் பாடுகிறது. 'கோ' என்று சொன்னதும் அவர் வெட்கப்படுகிறார். மான்கறியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுக்கிறார்.  கொடுத்தவர் பெயரும் பாடியவர் பெயரும் இத்தனை நூற்றாண்டு தாண்டி நம்மிடம் இருக்கிறது. இன்றைக்கு நிலைமை நேர் எதிர். ஆப் பெயர் தெரியும், லேபிள் பெயர் தெரியும், பாட்டு எழுதியவர் பெயர் தெரியாது.

தமிழ்ப் பண்களில் ஒன்றுக்கே கொல்லி என்று பெயர். திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். பாட்டோடு அதன் பண்ணையும் பாடியவரையும் பாடிய ஊரையும் குறித்து வைப்பது நமக்குப் பழைய பழக்கம்.

கிளம்புறதுக்கு முன்னாடி செக்லிஸ்ட்

* ஆல்பத்தை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு பண்ணுங்க. மலையில் ஏறி லோடிங் வட்டத்தைப் பார்க்காதீங்க.
* வண்டி ஓட்டுறவங்க காதில் இயர்போன் வேண்டாம். வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹார்ன்தான் அங்கே முக்கியமான இசை.
* ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். அங்கே தண்ணிச் சத்தமே போதும்.
* பிடித்த பாட்டு வந்தால், மூன்று புள்ளியைத் தட்டி 'கிரெடிட்ஸ்' போய்ப் பாருங்க. எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர் இருக்கும். ஸ்டோரி போடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுங்க.

உங்க லிஸ்ட்டில் வேறு ஆல்பம் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்க. கலைஞர் பெயரோடு!