பெயரை மறைத்த மூன்று சகோதரியர்

நாவல் எழுதிய பெண்டிர் தம் பெயரை மறைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புதுமையன்று. 1811 இல் ஜேன் ஒஸ்ரினின் முதல் நாவல் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்ற குறிப்புடனேயே வெளிவந்தது. யோர்க்ஷயரின் ஹாவேர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் புதல்வியராய் வளர்ந்த சார்லற், எமிலி, ஆன் புரொன்ரி ஆகியோரோ தாம் பெண்கள் என்பதையும் மறைத்தனர்.

காரணம் இல்லாமலில்லை. சார்லற் அனுப்பிய கவிதைகளைக் கண்ட அரசவைக் கவிஞர் றொபேட் சௌதி, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாதல் இயலாது, ஆகவும் கூடாது என 1837 இல் விடையிறுத்தார். சார்லற் எழுதுவதை நிறுத்தினாரல்லர். 1846 இல் சகோதரியர் மூவரும் கறர், எலிஸ், அக்டன் பெல் என்னும் பெயர்களில் தம் கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டனர். ஓராண்டில் விலைபோனவை இரண்டே படிகள்.

1847 இல் சார்லற்றின் ‘ஜேன் அயர்’, எமிலியின் ‘வதறிங் ஹைற்ஸ்’, ஆனின் ‘ஆக்னஸ் கிறே’ ஆகிய மூன்று நாவல்களும் வெளிவந்தன. ‘ஜேன் அயர்’ பெரும்புகழ் பெற்றது. எழுதியவர் ஆணா, பெண்ணா என்ற வழக்கும் எழுந்தது. பெண்ணாயின், பெண்ணுலகின் தோழமையை இழக்கத்தக்கவளே அவள் என்று 1848 டிசம்பரில் ‘குவாட்டர்லி றிவியூ’ எழுதிற்று. நூலை எடைபோட வேண்டியோர் எழுதியவரின் பாலையே எடைபோட்டனர்.

அதே மாதத்தில் எமிலி மறைந்தார். 1849 மே மாதத்தில் ஆனும் மறைந்தார். 1850 இல் ‘வதறிங் ஹைற்ஸ்’ மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய சார்லற், எலிஸ், அக்டன் என்போர் தம் தங்கையரே என உலகறியக் கூறினார். பெண் எழுத்தாளரை உலகம் ஓரவஞ்சனையோடு நோக்கும் என்று அஞ்சியே அப்பெயர்களைப் பூண்டதாகவும் விளக்கினார்.

இன்று அந்நாவல்கள் சகோதரியரின் சொந்தப் பெயர்களிலேயே பயிலப்படுகின்றன. அந்தப் பெருமையைக் காண எமிலியும் ஆனும் இருக்கவில்லை.