எங்கட திரைக்குள் படம் ஏன் அடங்கவில்லை?

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் குடுக்கிறோம். ஆக்கள் பாவிச்சு முடிச்சுத் தந்த மொனிற்றர்கள்தான் எல்லாம். ஒன்று பெட்டி போன்ற பழைய குழாய்த் திரை. மற்றவை முதல் தலைமுறைத் தட்டைத் திரைகள்.

போன மாதம் ஒரு தட்டைத் திரையில் படத்தின் வலது பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. மூடுகிற பெருக்கல் அடையாளமே தெரியவில்லை. "நான் ஏதோ பிழையா அமத்திப்போட்டன்" எண்டு அதில் இருந்த பிள்ளை அழுவாரைப்போல நின்றாள். இன்னொரு திரை கறுத்துப்போய் "அவுட் ஒஃப் ரேஞ்ச்" எண்டு மட்டும் காட்டியது. பழைய இரும்புக்குப் போடலாம் எண்டு முடிவாகியிருந்தது. பிழை எங்கே எண்டு தேடப்போனதில் எங்களுக்கு ஒரு வரலாறு அகப்பட்டது.

1987 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்ற காட்சி முறையை அறிமுகப்படுத்தியது. குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி. அதாவது 4:3. தொலைக்காட்சியின் வடிவமும் அதுதான். அது 1890களின் சினிமாச் சுருளில் இருந்து வந்தது. 15 ஊசி கொண்ட அந்தச் செருகி இன்றைக்கும் எங்கட மேசையில் இருக்கிறது. குழாய்த் திரைக்கு நிலையான புள்ளி எண்ணிக்கை கிடையாது. உள்ளே ஒரு இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ஓடிப் படத்தைக் கீறும். எவ்வளவு அகலத்துக்கு ஓடுகிறதோ, அவ்வளவுதான் படம். அதனால்தான் அகலத்தையும் உயரத்தையும் கூட்டிக் குறைக்கப் பொத்தான்கள் இருந்தன. மறுமுனையில் இருப்பது என்ன திரை எண்டு கணினிக்குச் சரிவரத் தெரியாது.

அதே 1987 யூலையில்தான் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய இராணுவம் இங்கே வந்திறங்கியது. 1990 யூனில் போர் திரும்பவும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதியில் தேசிய மின்சாரமே இல்லை. பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை எங்கட அம்மா அப்பாமார் இப்பவும் சொல்லுவினம்.

1994இல் உலகம் இன்னொரு படி தாண்டியது. திரை தன் அளவைத் தானே கணினிக்குச் சொல்லும் ஒழுங்கு வந்தது. வெறும் 128 பைட் தகவல். அந்தச் செருகியின் 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியாகத்தான் அது போகும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளியானது. அந்த ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாக வெளியேறியது. அதில் பெருந்தொகையானோர் பிறகு வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள்.

2002இல் போர் நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்த பிறகு கணினிகளும் வரத் தொடங்கின. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2009க்குப் பிறகு சனம் ஊர் திரும்பியபோது, மற்ற இடங்களில் குழாய்த் திரையைக் கழித்துவிட்டிருந்தார்கள். கழிந்ததில் சிலது எங்களிட்ட வந்தது. ஆக, கணினி ஒரு காலத்தது, திரை வேறொரு காலத்தது. இரண்டும் ஒரு மேசையில் சந்திக்கும்போதுதான் படம் அடங்காமல் நிற்கிறது.

கறுத்துப்போன திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியை முன்பு வைத்திருந்தவர் 1920×1080 அளவுள்ள அகலத் திரை பாவித்திருக்கிறார். எங்கட 17 அங்குலத் திரைக்கு 1280×1024 புள்ளிதான். போதாததுக்கு, கம்பியின் 12ஆம் ஊசி வளைந்திருந்தது. திரை தன் அளவைச் சொன்னாலும் கணினிக்குக் கேட்காது. மின்சாரத்தை நிறுத்தி ஊசியை மெதுவாக நிமிர்த்தினோம். விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, திரைக்குரிய அளவையும் 60 ஹேர்ட்ஸையும் தெரிவு செய்தோம். படம் வந்தது. வலது பக்கம் வெட்டுப்பட்ட திரைக்கு இவ்வளவு வேலைகூட இல்லை. அதன் 'ஓட்டோ' பொத்தானை ஒருக்கா அமத்தினது போதும்.

குழாய்த் திரைக்கு ஒரு லேசான சோதனை உண்டு. பெயிண்டில் ஒரு வட்டம் கீறி, அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். முட்டை மாதிரி இருந்தால் விகிதம் பிழை. 4:3 திரையில் 1280×1024 வைத்தால் அப்படித்தான் வரும், 1024×768க்கு மாற்றுங்கள். படம் நாலு பக்கமும் சுருங்கினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள், உள்ளே மின்வழங்கியும் பழுதாகியிருக்கலாம். ஆனால் மூடியைக் கழட்ட வேண்டாம். நிறுத்திய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ற் தங்கி நிற்கும். தெரிந்தவரிடம் குடுங்கள்.

'வன்னிப் பெடியளுக்குக் கொம்பியூட்டர் பிடிபடாது' எண்டு சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, திரை பிழைத்தாலும் தன்னைத்தான் குற்றம் சொல்லும். அண்டைக்கு அழப்போன பிள்ளைக்கு இந்தக் கதையை முழுக்கச் சொன்னோம். இப்ப புதுசா ஒரு பழைய மொனிற்றர் வந்தால், முதலில் கம்பியைக் கழட்டி ஊசி எண்ணுறது அவள்தான்.