நிருபரும் பட்டதாரியும்

பல்கலைக்கழகப் பட்டம் கைக்கு வந்த சில வாரங்களுக்குள் மக்கள் தொடர்பு ஸ்தாபனம் ஒன்றில் இளைஞர்களும் யுவதிகளும் உத்தியோகத்தில் அமர்வது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது; ஆயினும், அத்தொழில் உருப்பெற்ற அமெரிக்காவில், அதன் ஆரம்ப தசையில், பட்டதாரி ஒருவர் நேரே நுழைவதற்கான வாயில் அநேகமாக இல்லை. 1900-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், அவ்வகை ஸ்தாபனங்களுள் முதலாவது என்று கருதப்படும் 'பப்ளிசிட்டி பீரோ' தோன்றியபோது, அதை நடத்தியவர்கள் பத்திரிகைக் காரியாலயங்களில் பழகித் தேர்ந்தவர்களே.

அதற்குத் தக்க காரணம் உண்டு. ஐடா டார்பெல் அம்மையார் 1902 முதல் 'மக்ளூர்ஸ்' சஞ்சிகையில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் சரித்திரத்தைத் தொடர்ந்து எழுதி, அதன் வியாபார தந்திரங்களை அம்பலப்படுத்தியதுபோலப் பல எழுத்தாளர்கள் பெருமுதலாளிகளைப் பொதுஜனங்களின் முன் குற்றவாளிகளாக நிறுத்திய காலம் அது. அதுவரை மௌனமே தங்களுக்குக் கவசம் என்று நம்பியிருந்த கம்பெனிகள், வாய் திறந்தே ஆகவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளானபோது, எந்தச் செய்தியை ஆசிரியர் அச்சுக்கு அனுப்புவார், எதைக் குப்பைக் கூடையில் எறிவார் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களையே நாடின.

இவர்களுள் தலையாயவர் ஐவி லீ. ஜார்ஜியா மாகாணத்தில் 1877-இல் பிறந்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவரும், நியூயார்க் பத்திரிகைகளில் சில ஆண்டுகள் நிருபராக அலைந்த பின்னரே இத்தொழிலுக்கு வந்தார். 1906-இல் நிலக்கரிச் சுரங்க அதிபர்கள் சார்பில் பணியாற்றியபோது, அவர் பத்திரிகாசிரியர்களுக்கு ஒரு பிரகடனம் அனுப்பினார்: தம் காரியாலயம் மறைவில் இயங்குவதன்று, யாருக்காகப் பேசுகிறோம் என்பதை ஒளிப்பதில்லை, தாம் தரும் செய்தியின் உண்மையை எவரும் சோதித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில், அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, விபத்தை மூடி மறைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, கம்பெனியின் பெயராலேயே நிருபர்களுக்குத் தகவல் எழுதி வழங்கினார். இன்று பத்திரிகைக் குறிப்பு என்று வழங்கும் சாதனத்தின் முன்னோடியாக அதைக் குறிப்பிடுவது மரபு.

ஆனால், பிரகடனம் எழுதிய கையே எட்டு ஆண்டுகளில் அதை மீறியது. 1914 ஏப்ரலில் கொலராடோ மாகாணத்தின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மடிந்தபின், அச்சுரங்கக் கம்பெனியில் பெரும் பங்கு கொண்டிருந்த ராக்பெல்லர் குடும்பத்தார் லீயை நியமித்தனர். அவர் நாடெங்கும் அனுப்பிய துண்டுப் பிரசுரங்களில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பன்மடங்கு மிகையாகக் காட்டப்பட்டிருந்தது. விசாரணைக் கமிஷன் முன்னிலையில், கம்பெனியார் தந்த விவரங்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிருபராக இருந்த நாளில் அத்தகைய பதிலோடு ஆசிரியர் எதிரே நிற்க அவர் துணிந்திருக்கமாட்டார்.

முதல் உலக யுத்தம் இத்தொழிலுக்கு வேறொரு பயிற்சிக்கூடமாக அமைந்தது. 1917-இல் ஜனாதிபதி வில்சன், ஜார்ஜ் கிரீல் தலைமையில் அமைத்த பொதுத் தகவல் கமிட்டியில் பணிபுரிந்தோருள், மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகனான எட்வர்ட் பெர்னேஸ் ஒருவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்ற அவர், 1919-இல் நியூயார்க்கில் சொந்தக் காரியாலயம் திறந்தபோது, பார்னார்டு கல்லூரிப் பட்டதாரியும் 'நியூயார்க் டிரிபியூன்' பத்திரிகையில் அனுபவம் பெற்றவருமான டோரிஸ் பிளைஷ்மன் அம்மையாரை எழுத்துப் பணிக்கு அமர்த்தினார். பிற்பாடு அவருடைய மனைவியும் கூட்டாளியுமான அவ்வம்மையார், பெண்கள் மேற்கொள்ளத்தக்க தொழில்களைப் பற்றி 1928-இல் ஒரு நூலையே தொகுத்து வெளியிட்டார்.

1923-இல் பெர்னேஸ் பொதுஜன அபிப்பிராயத்தை உருவாக்குவது பற்றி ஒரு நூல் எழுதியதோடு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இத்தொழிலை ஒரு பாடமாகவும் போதித்தார். மனித மனத்தின் இயல்பையும் சமூகக் கூட்டங்களின் போக்கையும் கற்றவனே இதற்கு அருகதையுடையவன் என்ற அவருடைய வாதம் நாளடைவில் வேரூன்றியது. 1947-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் மக்கள் தொடர்புக்கென்றே ஒரு பள்ளியைத் திறந்தபோது, செய்திக் காரியாலயத்தின் படிகளை மிதியாமலே இத்தொழிலில் புகும் ஒரு தலைமுறைக்கு வழி பிறந்தது. பத்திரிகைகளில் வந்த குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டுவது, ஆசிரியர்களின் முகவரிப் பட்டியலைத் திருத்தி வைப்பது, மூத்தவர் சிவப்பு மையால் அடிப்பதற்கென்றே குறிப்புகளின் நகல் தயாரிப்பது ஆகிய சில்லறை வேலைகளே புதியவர்களுக்கு முதற்பாடமாயின.

ஆனால் இத்தொழிலின் ஊழியர்களுக்கு நேரும் மெய்யான சோதனை அச்சில்லறை வேலைகளில் இல்லை; அது பள்ளி திறப்பதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நாகரிக யுவதிகள் சிலர் பலர் பார்க்கச் சிகரெட் பற்றவைத்து நடந்ததைப் பெண் விடுதலையின் சின்னமாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஏற்பாடு செய்தவர், அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியிடம் ஊதியம் பெற்றுவந்த பெர்னேஸ். அன்று நிருபர்களிடம் பேசிய பெண் ஒருவர் அவருடைய காரியதரிசியே. தாம் யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை. எஜமானர் கொண்ட கொள்கையின் பாரம் கடைசியில் ஊழியரின் நாவில் வந்து அமர்ந்தது.

பத்திரிகைப் பயிற்சி இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்பாருக்கு ஜான் ஹில்லின் வரலாறு விடை கூறும். பத்திரிகையாளராகத் தேர்ந்து 1927-இல் கிளீவ்லாந்தில் தொழில் தொடங்கிய அவருடைய ஸ்தாபனத்தின் ஆலோசனைப்படிதான், புகையிலைக் கம்பெனிகள் 1954 ஜனவரி 4-ஆம் தேதி 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு பகிரங்க அறிக்கை வெளியிட்டு, புற்றுநோய் பற்றிய விஞ்ஞான முடிவுகளின் மேல் சந்தேகத்தின் நிழலைப் படரவிட்டன. வெளியிட்டோர் பெயர்கள் அதன் அடியில் பகிரங்கமாகவே இருந்தன. இரு தரப்பையும் கேட்டெழுதும் பத்திரிகை தர்மத்தை நன்கறிந்தவரே, அத்தர்மத்தைப் பொய்க்குத் துணை சேர்க்கவும் வல்லவர் என்பது அதனால் விளங்கும்.

ஆகவே, செய்திக் காரியாலயம் சிறந்ததா, கல்லூரி வகுப்பு சிறந்ததா என்ற வழக்கு இத்தொழிலின் மையத்தைத் தொடுவதே இல்லை. முன்னது ஆசிரியரின் நம்பிக்கையைப் பெறும் வித்தையைக் கற்பித்தது, பின்னது பொதுஜனங்களின் மனத்தை அளக்கும் வித்தையைக் கற்பித்தது. அவ்வித்தைகளை எதற்குச் செலவிடலாம் என்பதை இரண்டுமே உறுதி செய்யவில்லை. ஊதியம் தருபவர் யார் என்று கேட்பவருக்குத் தயங்காமல் சொல்ல முடிகிறதா, கையில் தரப்பட்ட விவரத்தைச் சரிபார்க்க அவகாசமும் அனுமதியும் கிடைக்கின்றனவா என்ற இரு கேள்விகளை, புதிதாக அமர்ந்த பட்டதாரி, முதல் மாதச் சம்பளம் வாங்குவதற்குள் தம் ஸ்தாபனத்தை நோக்கிக் கேட்டுக்கொள்வது நலம். லீ மீறிய பிரகடனம் அவர் காலத்தவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.