காஃப்காவின் ஹீப்ருப் பாடங்கள்

ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. ஹீப்ருச் சொற்கள் வரிசையாக, அவற்றின் எதிரே ஜெர்மன் பொருள். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் காட்டினால் அக்கறையுள்ள எந்தப் பள்ளி மாணவனுடையது என்றும் நம்பிவிடலாம். அது ஃப்ரான்ஸ் காஃப்காவின் கையெழுத்து. ஏ.வி. தனுஷ்கோடியின் 'விசாரணை' வழியாகக் காஃப்காவிடம் வந்து சேர்ந்தவர்கள் எங்களில் பலர். நாங்கள் அறிந்திருந்தவர் அலுவலகத்தாலும் தந்தையாலும் நோயாலும் வதைபட்ட ஒரு ஜெர்மன் மொழி எழுத்தாளர். தம் வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளில் அவர் விடாப்பிடியான ஒரு மாணவராகவும் இருந்தார் என்பதை வெகு தாமதமாகவே அறிந்தோம்.

அவருக்கு மதம் கிடைத்த விதத்தை 1919இல் தந்தைக்கு எழுதிய நீண்ட கடிதம் சொல்கிறது (அக்கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை). தந்தை ஹெர்மன் காஃப்கா தெற்கு பொஹீமியாவின் ஓசெக் என்ற கிராமத்திலிருந்து வந்தவர். ஆண்டுக்கு நான்கு நாள் தொழுகைக்கூடம் போவார். அங்கே சிறுவன் கொட்டாவி விட்டும் தூங்கி வழிந்தும் பொழுதைக் கழிப்பான். தோரா வாசிக்கத் தன்னையும் அழைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. எகிப்திய அடிமைத்தளையிலிருந்து மீண்டதை நினைவுகூரும் பாஸ்கா விருந்தின் முதல் இரவு அவர்கள் வீட்டில் சிரிப்பும் கேலியுமாக முடியும். 1896 ஜூனில் நடந்த பார் மிட்ஸ்வா சடங்கிற்கோ மனப்பாடம் செய்தது தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. கிராமத்திலிருந்து கொண்டுவந்த கொஞ்சநஞ்சமும் மகன் கைக்கு வருமுன் சிந்திப் போயிற்று என்பதுதான் கடிதத்தின் குற்றச்சாட்டு. தாய்வழியில் மட்டும் ஒரு நூல் அறாமல் இருந்தது. தாயின் தாத்தா பெரும் பக்திமான், வேதநூற் கல்வியில் தோய்ந்தவர். அவருடைய பெயரே தமது ஹீப்ருப் பெயர், ஆம்ஷெல், என்று 1911ஆம் ஆண்டு நாட்குறிப்பில் காஃப்கா எழுதி வைத்திருக்கிறார்.

1917இல் மோசஸ் ராத் எழுதிய பாடநூலை வைத்துக்கொண்டு தாமாகவே ஹீப்ரு கற்கத் தொடங்கினார். காசநோய் வெளிப்பட்டதும் அதே ஆண்டில்தான். நெருங்கிய நண்பர் மாக்ஸ் ப்ராடிடம்கூட மூச்சு விடவில்லை. நாற்பத்தைந்து பாடங்கள் முடிந்த பிறகே ப்ராடுக்குத் தெரிந்தது. தம் எழுத்தை எரிக்கச் சொல்லி நம்பி ஒப்படைத்த நண்பரிடமும் ஒரு பாடநூலை மறைக்கத் தோன்றியிருக்கிறது!

ஆனால் யூத மரபில் தனியே கற்பது என்பது ஏறக்குறைய முரண்பாடான சொல். தல்மூதை இருவராக அமர்ந்து, உரக்க வாசித்து, ஒருவரை ஒருவர் மறுத்தே கற்பார்கள். இந்த இணைக்கு 'ஹவ்ரூதா' என்று பெயர். எழுத்து முறையும் துணையைக் கேட்கிறது. ஹீப்ருவில் வழக்கமாக உயிரொலிக் குறிகளை எழுதுவதில்லை. புள்ளியிடாத ஓலைச்சுவடியை ஆசிரியர் துணையோடு படித்த நம் முன்னோருக்கு இதன் இடர் எளிதில் விளங்கியிருக்கும்.

காஃப்காவுக்கும் ஆசிரியர்கள் வாய்த்தார்கள். ஃப்ரீட்ரிஷ் தீபெர்கர் ரப்பி ஒருவரின் மகன். யூதப் பண்டிகைகளையும் வழக்கங்களையும் பற்றிய நூலொன்றைப் பின்னாளில் தொகுத்தவர். யிர்ஷி லாங்கரின் கதை வேறு. செக் மொழி பேசிய பிராக் குடும்பத்துப் பிள்ளையான அவர், 1913இல் வீட்டை விட்டு பெல்ஸ் நகரத்து ஹசிதிய குருவிடம் போய், நீள அங்கியோடு திரும்பி வந்து குடும்பத்தைத் திகைக்க வைத்தவர். அவரும் காஃப்காவும் டிராமில் போகையில், பிராக் வானில் பறந்த விமானங்களைப் பற்றி ஹீப்ருவில் பேசிக்கொண்டு வந்தார்களாம். இது என்ன மொழி என்று சக பயணிகள் வியந்ததை லாங்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். தொழுகைக்கூடத்தில் கொட்டாவி விட்ட சிறுவன் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

மூன்றாவது ஆசிரியரே எங்களை மிகவும் ஈர்க்கிறார். பள்ளித் தோழர் ஹ்யூகோ பெர்க்மன் 1920இல் ஜெருசலேம் சென்று அங்குள்ள நூலகத்தின் தலைவரானார். (குறிப்பேடு இன்று இருப்பது அதே நூலகத்தில்தான்.) அவரோடு தொடர்பிலிருந்த பூவா பென்-தோவிம் என்ற இளம்பெண் கணிதம் படிக்கப் பிராக் வந்தார். ஜெருசலேமில் பிறந்து, ஹீப்ருவையே வீட்டு மொழியாகப் பேசி வளர்ந்த முதல் தலைமுறை. 1922 இலையுதிர் காலம் தொட்டு வாரம் இருமுறை காஃப்காவின் வீட்டுக்கு வந்து பாடம் சொன்னார். மாணவருக்கு முப்பத்தொன்பது வயது. ஆசிரியைக்கு இருபதுகூட நிரம்பியிருக்குமா என்பது ஐயமே. தாடி வைத்த முதியவர் இருக்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில், புனித மொழியில் சந்தைக்குப் போய் வந்த ஒரு பெண். இருமல் வந்து அவர் துவளும்போது பூவா பாடத்தை நிறுத்த எண்ணுவார். இன்னும் ஒரு சொல், இன்னும் ஒன்று என்று அவர் கண்கள் மன்றாடும் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். பாலஸ்தீனம் போகும் எண்ணம் அப்போது காஃப்காவுக்கு இருந்தது. போகும் உடல்நிலை இருக்கவில்லை. மூழ்குகிறவன் பற்றிக்கொள்ளும் கட்டை என்று இக்கல்வியைச் சிலர் சொல்வதை நாங்கள் முழுதும் ஏற்கவில்லை. இலக்கணப் பயிற்சியில் அவருக்கு இருந்த நிதானம் மூழ்குகிறவனுடையது அன்று.

1923 ஜூலையில் பால்டிக் கடற்கரையின் ம்யூரிட்ஸ் ஊருக்கு ஓய்வுக்குப் போனார். அங்கே பெர்லினிலிருந்து வந்த யூதச் சிறுவர்களின் விடுமுறை முகாம். அன்று மாலை அவர்களோடு ஓய்வுநாளை வரவேற்கப் போவதாகவும், அநேகமாகத் தம் வாழ்வில் இதுவே முதல் முறை என்றும் பெர்க்மனுக்கு எழுதினார். நாற்பது வயதில் முதல் வெள்ளி இரவு! அங்கேதான் டோரா டயமண்டைச் சந்தித்தார். போலந்தின் ஹசிதியக் குடும்பத்தில் பிறந்த டோரா, ஏசாயாவின் நூலை மூலத்திலேயே அவருக்கு வாசித்துக் காட்டினார்.

செப்டம்பரில் இருவரும் பெர்லினில் குடியேறினர். ரொட்டியின் விலை பல்லாயிரம் கோடி மார்க்கை எட்டிய பணவீக்க மாதங்கள் அவை. ப்ரென்னரின் ஹீப்ரு நாவல் ஒன்றை நாளுக்கு ஒரு பக்கமாக வாசித்தார்; நாவலாக அது தமக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்று கடிதத்தில் எழுதவும் செய்தார். அவர் அங்கே சென்ற யூதக் கல்விக்கான உயர்பள்ளி 1872இல் தொடங்கப்பட்டது. 1942இல் நாஜிகள் மூடினார்கள். தல்மூத் வகுப்புக்கு வந்தவர் அதன் அமைதியையும் நூலகத்தையும் மட்டுமா கண்டார்? கட்டடம் நன்றாகக் கதகதப்பூட்டப்பட்டிருந்தது, கட்டணம் கிடையாது என்பதையும் நண்பருக்கு எழுதியிருக்கிறார். நிலக்கரிக்குக் கணக்குப் பார்த்த அந்தக் குளிர்காலத்தில் வேதம் படிக்க இதுவும் ஒரு காரணமாயிருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. டெல் அவீவில் உணவகம் திறப்போம், டோரா சமைக்கட்டும், காஃப்கா பரிமாறட்டும் என்று இருவரும் விளையாட்டாகத் திட்டமிட்டதும் அப்போதுதான்.

1924 வசந்தத்தில் டோராவை மணக்க அனுமதி கேட்டு அவள் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தாம் அவர் கருதும் பொருளில் ஒழுகும் யூதர் அல்லர், ஆனால் திரும்ப விழைபவர் என்று அதில் சொல்லியிருந்தார். தந்தை கடிதத்தை எடுத்துக்கொண்டு தம் குருவான கெர் நகரத்து ரெப்பேயிடம் போனார். ரெப்பே படித்துப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். ஏழாண்டுக் கல்வியை அவர் அறிந்திருக்க வழியில்லை.

1924 ஜூன் 3 அன்று வியன்னாவுக்கு அருகே கீர்லிங் மருத்துவ இல்லத்தில் காஃப்கா இறந்தார். லாங்கர் அவருக்கு ஹீப்ருவில் இரங்கற்பா எழுதினார். பிராகின் ஸ்ட்ராஷ்னித்ஸே இடுகாட்டில் உள்ள கல்லில் ஜெர்மன் பெயருக்குக் கீழே ஹீப்ரு வரிகள் இருக்கின்றன. தாயின் தாத்தாவிடமிருந்து வந்த அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. தந்தையின் ஹீப்ருப் பெயரும் அருகிலேயே. 1931இல் தந்தையையும் 1934இல் தாயையும் அதே கல்லின் கீழ் அடக்கம் செய்தார்கள்.