அட்டர்னி ஜெனரல்

அட்டர்னி என்னும் சொல், ஒருவரிடம் திருப்பிவிடுதல், ஒப்புவித்தல் என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்து, பிறர் ஸ்தானத்தில் நின்று காரியம் செய்ய நியமிக்கப்பட்டவரைக் குறித்து, நார்மானியரின் மொழிவழியே இங்கிலாந்தின் நீதிஸ்தலங்களில் புகுந்தது. ஜெனரல் என்றதும் சேனாதிபதியை நினைப்பாருண்டு. இங்கே அது பிரெஞ்சு மரபுப்படி பெயருக்குப் பின்னே நிற்கும் அடைமொழியேயாகி, ஒரு வழக்கோடு நில்லாமல் சகல விவகாரங்களுக்கும் உரிய பிரதிநிதி என்பதை உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் பன்மை விகுதி முதற்சொல்லோடு ஒட்டுவதும் இதனாலேயாம்.

இந்தியாவில் இப்பதவிக்குரியவரை ஜனாதிபதி நியமிக்கிறார். மாநிலங்களில் அட்வகேட் ஜெனரலைக் கவர்னர் நியமிக்கிறார். அமெரிக்காவிலோ 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதால், அபேட்சகர்களைச் சீர்தூக்கும் பொறுப்பும் அவர்களையே சாருகிறது. 2010இல் கலிபோர்னியாவில் இப்பதவிக்கு எதிரெதிர் நின்ற கமலா ஹாரிஸும் ஸ்டீவ் கூலியும், முறையே சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஜில்லா அரசு வழக்கறிஞர்களாக இருந்தவர்களாதலின், அனுபவத்தைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிவது எளிதன்று. மரண தண்டனையை ஹாரிஸ் விரும்பாதவர், கூலி ஆதரித்தவர். வென்றால் பழைய பதவியின் ஓய்வூதியம், புதிய பதவியின் சம்பளம் இரண்டையும் ஒருங்கே பெறுவீரோ என்று விவாத மேடையில் வினவியபோது, அது தாம் உழைத்து ஈட்டியதே என்று கூலி கூசாமல் விடையிறுக்க, எதிர்த்தரப்பார் அவ்விடையையே தொலைக்காட்சி விளம்பரமாக்கினர். ஹாரிஸ் வென்ற வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. முடிவு தெளியச் சில வாரங்கள் சென்றன.